என் புள்ள உக்காராத அன்னைக்குக் கிடைச்ச இடம்

என் மகளுக்கு ஒரு வயசு முடிஞ்சும் தலை நிக்கல. அங்கருந்துதான் நான் ஆரம்பிக்கணும்.

என் பேரு செசீலி. என் வீட்டுக்காரரு பேரு சூசைராஜ். ரெண்டு பேருமே மரக்காணம் உப்பளத்துல வேலை செய்யறவங்க. அவரு பாத்தியில உப்பு வாருவாரு. நான் அதைக் கூடையில அள்ளி மேட்டுல கொண்டு போய்க் கொட்டுவேன். இங்க ஜெபத்துக்கு வந்திருக்கிற உங்கள்ல பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். ஆனா இதுவரைக்கும் நான் எழுந்து நின்னு பேசினதில்ல. நம்ம பங்குச் சாமியாருதான் போன ஞாயித்துக்கிழமை, "செசீலி, ஆண்டவர் உனக்குச் செஞ்சத நீ மட்டும் வச்சிக்கிட்டா எப்படிம்மா, மத்தவங்களும் கேக்கணும் இல்ல?"ன்னு சொன்னாரு. அதனால நிக்கிறேன்.  ஏதாவது தப்பா சொன்னா பொறுத்துக்கங்க.

எழுபத்தஞ்சாம் வருசம், ஈஸ்டர் முடிஞ்ச கையோட ஜெயசீலி பொறந்தா. வீட்டுலதான் பிரசவம். பொறந்ததும் அழல. மருத்துவச்சி காலைப் பிடிச்சுத் தலைகீழா தூக்கினாங்க, முதுகுல தட்டினாங்க, மூஞ்சியில தண்ணி அடிச்சாங்க. ரொம்ப நேரம் கழிச்சு ஒரு சின்ன சத்தம் வந்துச்சு, பூனைக்குட்டி மாதிரி. "பொழைச்சிடுச்சும்மா, பயப்படாத"ன்னாங்க. நானும் அதோட பயம் முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சேன்.

அவ அழுது அடம் பிடிக்காத புள்ள. ஏணையில போட்டா போட்ட மாதிரியே கிடப்பா. எல்லாரும் நல்ல புள்ளைன்னாங்க. உப்பளத்துல எங்க கொட்டாய்ல நாலஞ்சு பேரு கைக்குழந்தையோட வேலைக்கு வருவோம். என் கூட வேலை செய்யற தனத்தோட பையன் ஜெயசீலிக்கு அப்புறம் பொறந்தவன். அவன் குப்புற விழுந்தான், தவழ்ந்தான், ஒரு நாள் கொட்டாய் கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து நின்னான். எல்லாரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். தட்டிட்டு என் புள்ளைய பாத்தேன். அவ கோணியில மல்லாக்கப் படுத்துக்கிட்டு மேல கூரைய பாத்துட்டு இருந்தா.  அன்னைக்குத்தான் அந்த பயம் உள்ள வந்துச்சு. அதுக்கப்புறம் அது என்னை விட்டுப் போகவே இல்ல.

வீட்டுக்காரருகிட்ட சொன்னேன். "சில புள்ளைங்க லேட்டாத்தான் நடக்கும்"னு சொன்னாரு. ஆனா சொல்லும்போது என் மூஞ்சிய பாக்கல. அவருக்கும் பயம்னு எனக்குத் தெரிஞ்சிடுச்சு. திண்டிவனத்துலருந்து அவரு அக்கா வந்தாங்க. புள்ளைய தூக்கினாங்க, தலை பின்னால சாஞ்சுது. உடனே கீழ வச்சிட்டாங்க. "இது தேறாது செசீலி. இதுக்காக நீ ஓஞ்சு போகாத. எங்கனா மடத்துல விட்டுடு, அவங்க பாத்துப்பாங்க"ன்னாங்க. அவங்க கெட்டவங்க இல்ல. எனக்கு நல்லது சொல்றதா நெனச்சுத்தான் சொன்னாங்க. ஆனா அன்னைலருந்து யாராவது வீட்டுக்கு வந்தா புள்ளைய உள்ள கொண்டு போய்ப் படுக்க வச்சிடுவேன்.

அடுத்த வருசம் வெயில் காலம். உப்பு நல்லா விளைஞ்ச நேரம், உக்கார நேரமில்ல. மதியம் ஆனா கொட்டாய்க்குள்ளயே அனல் அடிக்கும். அதனால ஒரு துண்டை நனைச்சு, புள்ளைக்கு மேல கயித்துல தொங்க விட்டுட்டு வேலைக்குப் போனேன். கடல் காத்து எழுந்துச்சு. ரெண்டு நடை உப்பு கொட்டிட்டுத் தண்ணி குடிக்க வந்தேன்.

கயித்துல துண்டு இல்ல. அது புள்ள மூஞ்சி மேல கிடந்துச்சு. ஈரத் துண்டு. அப்படியே மூக்கோட வாயோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

ஓடிப்போய் இழுத்தேன். உதடு நீலம் பாஞ்சிருந்துச்சு. தூக்கி உலுக்கினேன், நெஞ்சைத் தேச்சேன், வாயில ஊதினேன். தனம் கூடைய போட்டுட்டு ஓடி வந்தா. கடைசியில ஒரு இழுப்பு இழுத்து மூச்சு விட்டா. அழக்கூட இல்ல. என்னைப் பாத்துக்கிட்டே இருந்தா.

தனம்தான் சொன்னா. அவ வேணும்னு சொல்லல, வாயில வந்துடுச்சு. "எக்கா, எங்கவன் மேல துணி விழுந்தா அவனே புடிச்சு இழுத்து எறிஞ்சிடுவான். இவளுக்கு ஏன் முடியல?"

 ஒரு துண்டு. அதைக் கூட என் புள்ளையால எடுத்துப் போட முடியல. நான் இன்னும் ஒரு நடை போயிட்டு வந்திருந்தா? அந்தக் கேள்வி என்னைத் தின்னுச்சு. அதுக்கப்புறம் உப்பு கொட்டப் போறப்ப ஓடிப் போயி ஓடி வருவேன். கங்காணி திட்டுவாரு. சோறு இறங்காது. கோவில்ல மாதா சுரூபத்துக்கு முன்னால முட்டிப் போட்டு, "தாயே, இவள எடுத்துக்காத. நான் இருக்கிறப்பவே இவளுக்கு இப்படின்னா, நான் போயிட்டா யாரு துண்டை எடுப்பாங்க?"ன்னு கேட்டேன். வேற ஜெபம் எனக்கு வரல. அதையேதான் தினமும் சொன்னேன்.

டாக்டர்கிட்ட காட்டினோம். டானிக் எழுதிக் கொடுத்தாரு. குடுத்தோம். ஒண்ணும் ஆகல. அந்த வருசம் மழைக்காலத்துல, வேலை இல்லாம வீட்டுல இருந்தப்ப, சாமியாரு வீடு மந்திரிச்சு ஆசீர்வாதம் பண்ண வந்தாரு. நான் வழக்கம் போல புள்ளைய உள்ள மறைச்சு வச்சிட்டேன். அவரு, "உனக்கு ரெண்டு புள்ளைங்க இல்ல, சின்னது எங்க?"ன்னு கேட்டாரு. மறைக்க முடியல. தூக்கிட்டு வந்தேன். ரொம்ப நேரம் புள்ளைய பாத்துட்டு இருந்தாரு. அப்புறம் சொன்னாரு. பாண்டிச்சேரியில கன்னியாஸ்திரிங்க நடத்துற ஒரு இடம் இருக்கு, அதுல ஒரு டாக்டர் சிஸ்டர் இருக்காங்க, இந்த மாதிரி வளர்ச்சி பிந்தின குழந்தைங்களுக்குப் பயிற்சி குடுக்கறாங்க, அம்மாவுக்கும் கத்துக் குடுக்கறாங்கன்னு. ஆனா எல்லாரையும் சேத்துக்க மாட்டாங்க. இடம் கொஞ்சம்தான். மூணு வயசு தாண்டியிருக்கக் கூடாது. முதல்ல புள்ளைய சோதிச்சுப் பாப்பாங்க, அதுக்கப்புறம்தான் உண்டு இல்லைன்னு சொல்லுவாங்க.

சோதிச்சுப் பாப்பாங்கன்னு அவரு சொன்னதும் எனக்கு ஒண்ணுதான் தோணுச்சு. எங்க பெரியவன் ராயப்பனை பள்ளிக்கூடத்துல சேக்கும்போது ஹெட்மாஸ்டர் வலது கையைத் தலைக்கு மேல போட்டு இடது காதைத் தொடச் சொன்னாரு. தொட்டான், சேத்துக்கிட்டாங்க. தொடாதவங்கள அடுத்த வருசம் வான்னு அனுப்பிட்டாங்க. இதுவும் அப்படித்தான்னு நெனச்சேன். என் புள்ள அங்க ஏதாவது செஞ்சு காட்டினாத்தான் எடுப்பாங்க. ஒண்ணும் செய்யலன்னா, "இது எதுக்கும் உதவாதும்மா"ன்னு சொல்லிடுவாங்க. இவ்வளவு நாள் அக்கம்பக்கத்துல சொன்னத ஒரு டாக்டர் வாயால கேக்க என்னால முடியாது.

வீட்டுக்காரருக்கு வேற பயம். "அங்க போனா ஒரு பேரு வச்சிடுவாங்க செசீலி. மந்தம்னு ஒரு தடவ சொல்லிட்டாங்கன்னா அது அவ கூடவே வரும். இப்ப வரைக்கும் நம்ம புள்ள லேட்டு, அவ்வளவுதான்"ன்னாரு. நான், "ஏங்க, துண்டை எடுக்க முடியாத புள்ளைக்குப் பேரு எதுவா இருந்தா என்ன?"ன்னு கேட்டேன்.  ரெண்டு நாள் கழிச்சு அவரே, "எப்ப போகணும்?"னாரு.

கிறிஸ்துமஸ் முடிஞ்சு, தை மாசத்துக்கு வரச் சொல்லியிருந்தாங்க. அதுவரைக்கும் நான் புள்ளைக்குப் பழக்கினேன். சுத்தித் தலைகாணி வச்சு உக்கார வைப்பேன். சாயுவா. மறுபடி வைப்பேன். கையப் பிடிச்சுத் தட்டித் தட்டிக் காட்டுவேன். விரலுக்குள்ள பிஸ்கட்டை வச்சு மூடுவேன். தினமும் ஜெபமாலை சொல்லி முடிச்சு, "ஆண்டவரே, அந்த சிஸ்டர் முன்னால ஒரே ஒரு நிமிசம் இவள உக்கார வை. அதுக்கப்புறம் சாஞ்சா கூடப் பரவாயில்ல"ன்னு கேட்டேன். ராயப்பனையும் முட்டிப் போட வச்சு அதையே சொல்லச் சொன்னேன்.

அந்த நாள் வந்துச்சு. புதுக் கவுன் போட்டு, தலைக்கு எண்ணெய் வச்சுத் தூக்கிக்கிட்டோம். பஸ்ல அனுமந்தை ஊரு தாண்டுற வரைக்கும் அவரு புள்ளைய மடியில வச்சிருந்தாரு. யாரும் பாக்கக் கூடாதுன்னு நான் முந்தானையால மூடியிருந்தேன். அப்புறம் எனக்கே அந்தத் துண்டு ஞாபகம் வந்து முந்தானைய எடுத்துட்டேன். அவ பஸ் ஆட்டத்துல தூங்கிட்டா. எழுப்பினா கண்ணைத் திறந்து மறுபடி மூடினா. இன்னைக்குன்னு பாத்து இப்படித் தூங்குறாளேன்னு அவ கன்னத்தைத் தட்டிக்கிட்டே வந்தேன்.

அங்க ஒரு தாழ்வாரத்துல பெஞ்சு போட்டிருந்தாங்க. எங்களுக்கு முன்னால ரெண்டு பேரு. அவரு உள்ள வர மாட்டேன்னு வெளி வாசல்லயே நின்னுட்டாரு. "நீ போய்க் கேட்டுட்டு வா. என்னால அந்த வார்த்தைய நின்னு கேக்க முடியாது"ன்னாரு.

முதல்ல உள்ள போயிட்டு வந்தவங்க கோட்டக்குப்பத்துலருந்து வந்த ஒரு பாய் வீட்டம்மா. மடியில இருந்த பையன் வளர்ந்தவன், காலு தரையில தட்டுது. அவன் வாயிலருந்து ஒழுகினத தன்னோட துப்பட்டியாலயே துடைச்சுவிட்டாங்க. வந்து என் பக்கத்துல உக்காந்து அழுதாங்க. நான் கேக்காமலே சொன்னாங்க. "அஞ்சு வயசாயிடுச்சு, இங்க சேக்க முடியாதும்மான்னு சொல்லிட்டாங்க. வேற பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றாங்களாம். இவன் அத்தா துபாய்ல இருக்காரு. ஊர்ல யாருக்கும் தெரியக் கூடாதுன்னு நான்தான் இவ்வளவு நாள் வீட்டுலயே வச்சிருந்துட்டேன்." என் புள்ளைய எட்டிப் பாத்தாங்க. "உன் பொண்ணு சின்னவளா இருக்கா. நீ சீக்கிரம் வந்துட்ட. அல்லா உனக்குக் கை குடுப்பான்"னாங்க.

அடுத்து ஒரு அப்பா வெளிய வந்தாரு. அவரு கூட ஒரு பொம்பளப்புள்ள, என் புள்ள வயசுதான் இருக்கும், விரலைப் பிடிச்சுக்கிட்டுத் தத்தித் தத்தி நடந்து வருது. சிரிக்குது. "இடம் கிடைச்சுதாங்க?"ன்னு கேட்டேன். "இல்லம்மா, அனுப்பிட்டாங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

 நடக்கிற புள்ளைக்கே இடம் இல்லையாம். தலை நிக்காத என் புள்ளைக்கு எங்க? எழுந்து வெளிய போயிடலாமான்னு பாத்தேன். அதுக்குள்ள கூப்பிட்டுட்டாங்க.

சிஸ்டர் தரையில பாய் போட்டு உக்காந்திருந்தாங்க. மலையாளம் கலந்த தமிழ். ரொம்ப மெதுவா பேசுனாங்க. "பாப்பாவ இங்க படுக்க வைங்கம்மா"ன்னாங்க. ஒரு செவப்பு நூல் உருண்டைய அவ கண்ணுக்கு முன்னால ஆட்டினாங்க. கொஞ்ச தூரம் பாத்தா, அப்புறம் விட்டுட்டா. காது பக்கம் மணி அடிச்சாங்க. கண்ணை மட்டும் சிமிட்டினா. ரெண்டு கையையும் பிடிச்சு மெல்ல மேல தூக்கினாங்க. தலை பின்னால தொங்கிடுச்சு.

நான் பேச ஆரம்பிச்சிட்டேன். "வீட்டுல நல்லா உக்காருவா சிஸ்டர். பஸ்ல வந்த அசதி. கை கூடத் தட்டுவா." நானே போயி அவ கையப் பிடிச்சுத் தட்டிக் காட்டினேன்.

"நீங்க தட்டாதீங்கம்மா. அவ தட்டுறாளான்னு பாப்போம்."

தட்டல. உக்கார வச்சாங்க. அப்படியே மடங்கி விழுந்தா. நான் மனசுக்குள்ள, "இப்ப ஆண்டவரே, இப்ப"ன்னு கத்திக்கிட்டு இருந்தேன். ஒண்ணும் நடக்கல. எவ்வளவோ நாளா கேட்ட ஜெபம். அந்த ஒரு நிமிசம் கூட அவரு எனக்குக் குடுக்கல.

அப்பதான் அந்த சிஸ்டர் பக்கத்துலருந்து ஒரு வெள்ளைத் துணிய எடுத்தாங்க. எதுக்குன்னு நான் நெனைக்கிறதுக்குள்ள அதை என் புள்ள மூஞ்சி மேல போட்டாங்க.

நான் பாஞ்சு போயி அதைப் பிடுங்கினேன். சிஸ்டர் கையில என் நகம் பட்டு ரத்தம் கூட வந்துடுச்சுன்னு அப்புறமாத்தான் தெரிஞ்சுது. புள்ளைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு மூலையில போயி உக்காந்துட்டேன்.  "போடாதீங்க, அவளால எடுக்க முடியாது. செத்துப் போயிடுவா"ன்னு அழுதேன். அதோட எல்லாம் வெளிய வந்துடுச்சு. ஈரத் துண்டு, நீலம் பாஞ்ச உதடு, பொறந்தப்ப அழாதது, தலைகாணி வச்சு உக்கார வச்சது, வீட்டுல ஆள் வந்தா மறைச்சது, ஒண்ணு விடாம சொன்னேன். "இவளுக்கு எதுவுமே முடியாது சிஸ்டர். நான் சொன்னதெல்லாம் பொய்."

அவங்க கோவப்படல. எழுந்து வந்து என் பக்கத்துல தரையில உக்காந்தாங்க. "இத ஏம்மா முதல்லயே சொல்லல?"

"சொன்னா சேத்துக்க மாட்டீங்களே. நடக்கிற புள்ளையவே அனுப்பிட்டீங்க."

"அந்தப் பாப்பா கொஞ்சம் லேட்டு, அவ்வளவுதான்மா. நாங்க இல்லாமலே ஓடிடுவா. இங்க இருக்கிற இடம், தானா வர முடியாத குழந்தைங்களுக்கு. உங்க பொண்ணு அவ வயசுக்கு ரொம்பப் பின்னாடி இருக்கா. மூணு வயசும் ஆகல. அதனால நான் சேத்துக்கறேன்."

எனக்குப் புரியல. மறுபடி கேட்டேன். மறுபடி அதையே சொன்னாங்க. ரொம்பப் பின்னாடி இருக்கான்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னுதான் இவ்வளவு நாளா பயந்து செத்தேன். அதைச் சொல்லிட்டு, அதனாலேயே சேத்துக்கறேன்னு ஒருத்தர் சொல்றாங்க. நான் கேட்ட ஜெபத்த ஆண்டவர் கேட்டிருந்தா, அவ அங்க உக்காந்து கை தட்டியிருந்தா, எனக்கு அந்த இடம் கிடைச்சிருக்குமா? எனக்கு என்ன வேணும்னு எனக்கே தெரியல. அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

அதுக்கப்புறம் சிஸ்டர், "இப்ப உங்களுக்கு ஒண்ணு காட்டணும். புள்ளைய பாயில வைங்க, கையக் கட்டிக்கிட்டு உக்காருங்க. நான் பக்கத்துலயே இருக்கேன்"னாங்க. மறுபடி அந்தத் துணிய போட்டாங்க. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு மாதா பேரைச் சொல்லிக்கிட்டு இருந்தேன். துணிக்கு அடியில அவ மூஞ்சி இந்தப் பக்கம் திரும்புச்சு. அந்தப் பக்கம் திரும்புச்சு. வலது கை பாயிலருந்து கொஞ்சமா எழுந்துச்சு, விரல் விரிஞ்சுது, மறுபடி விழுந்துச்சு. சிஸ்டர் துணிய எடுத்துட்டாங்க. "பாத்தீங்களா? எடுக்கணும்னு அவளுக்குத் தெரியுது. கைக்குத்தான் வழி தெரியல. அந்த வழியத்தான் நாம சொல்லிக் குடுக்கப் போறோம்."

அன்னைக்குத்தான் நான் என் புள்ளைய முதல் தடவையா பாத்தேன்னு சொல்லலாம்.

அவரை உள்ள கூப்பிடச் சொன்னாங்க. அவரு செருப்பைக் கழட்டிட்டு, குத்தவாளி மாதிரி தலையக் குனிஞ்சுக்கிட்டு வந்தாரு. வாரா வாரம் செவ்வாக்கிழமை வரணும், சொல்லிக் குடுக்கிறத வீட்டுல தினமும் செய்யணும், தொடர்ந்து வரலன்னா காத்துக்கிட்டு இருக்கிற வேற குழந்தைக்கு இடத்தைக் குடுத்துடுவோம்னாங்க. "அப்பாவும் கத்துக்கணும்." "நான் எதுக்கு சிஸ்டர்?"னாரு. "அம்மாவுக்கு ஒரு நாள் உடம்பு சரியில்லன்னா யாரு செய்வாங்க?"  உப்பு வாரிக் காச்சுப்போன கையால புள்ளையோட முதுகுல எங்க பிடிக்கணும், எப்படித் திருப்பணும்னு அன்னைக்கே கத்துக்கிட்டாரு.

பயம் அதோட போயிடுச்சுன்னு நெனைக்காதீங்க. வேற வேற பயம் வந்துச்சு. கைய நீட்டி மடக்கும்போது அவ வலிச்சு அழுவா, ஏதாவது ஒடிச்சிடுவேனோன்னு பயம். செவ்வாக்கிழமை வேலைக்குப் போகலன்னு கங்காணி வேற ஆள் வச்சிடுவாரோன்னு பயம். மாசம் மாசமா ஒண்ணும் தெரியல. புடவைய உருட்டி நெஞ்சுக்கு அடியில வச்சுக் குப்புறப் போடுவோம், தலையத் தூக்க வைக்கறதுக்கு. மூக்கு தரையில இடிக்கும். எனக்குக் கையில எடுத்துக்கலாம்னு துடிக்கும். அவரு, "இரு செசீலி, இரு"ன்னு என்னைத் தடுப்பாரு.

மழைக்காலத்துல ரோட்டுல தண்ணி ஏறி பஸ் நின்னுபோச்சு. ரெண்டு செவ்வாக்கிழமை போக முடியல. மூணாவதும் போகலன்னா இடம் போயிடும்னு நான் புலம்பினேன். ராயப்பனும் நானும் காலையில முட்டிப் போட்டு ஜெபம் பண்ணிட்டு இருந்தோம். அவரு ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்துப் புள்ளைய மூஞ்சி மட்டும் தெரியறாப்புல சுத்தித் தோள்ல போட்டுக்கிட்டாரு. "அனுமந்தை வரைக்கும் பஸ் வந்து திரும்புதாம். நடந்துடலாம், வா"ன்னாரு. தொடை அளவு தண்ணியில அவரு முன்னால போனாரு, நான் அவரு முதுகைப் பாத்துக்கிட்டே பின்னால போனேன். அது வரைக்கும் அந்தப் புள்ளைய வெளிய தூக்கிட்டுப் போறதுக்கு வெக்கப்பட்ட மனுசன். வழியில பாத்தவங்க எல்லாம் எங்கன்னு கேட்டாங்க. "எம் பொண்ணுக்குப் பயிற்சி"ன்னு சத்தமா சொல்லிக்கிட்டே போனாரு.

இப்ப நான் முக்கியமானதுக்கு வர்றேன். போன வருசம் உப்பு சீசன். ஜெயசீலிக்கு மூணு வயசு. தலை நின்னுடுச்சு, உக்காருவா, குப்புறப் படுத்துக் கையை ஊணுவா. ஆனா இருந்த இடத்தை விட்டு நகர மாட்டா. கொட்டாய்ல கோணி போட்டு உக்கார வச்சிட்டு வேலைக்குப் போனேன். உப்பு கொட்டிட்டுத் திரும்பி வந்து பாத்தா கோணி மட்டும்தான் இருக்கு.

புள்ள இல்ல.

எனக்கு முதல்ல தோணினது, யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னு. அடுத்தது நாய். தனத்தைக் கத்திக் கூப்பிட்டேன். கொட்டாயைச் சுத்தி ஓடினேன். வெயில்ல உப்பு மேடெல்லாம் பளபளன்னு கண்ணைக் குத்துது, எதுவும் தெரியல. கண்ணு மேல கைய வச்சுப் பாத்தேன். பாத்திக்குப் போற வரப்பு மேல செவப்பா ஒண்ணு. அவ கவுனு.

தவழ்ந்து போயிருக்கா. கொட்டாய்லருந்து பாத்தி வரைக்கும். முட்டியெல்லாம் உப்புக்கல்லு கிழிச்சு ரத்தம். பாத்தித் தண்ணிக்கு ஓரத்துல, ஒரு கைய ஊணிக்கிட்டு இன்னொரு கையால தண்ணிய தட்டித் தட்டிப் பாத்துக்கிட்டு இருந்தா. இன்னும் கொஞ்சம் சாஞ்சிருந்தா தலைகுப்புற உள்ள விழுந்திருப்பா. நான் ஓடிப்போய்த் தூக்கினேன். அப்படியே வரப்பு மேலயே உக்காந்துட்டேன். திட்டவா, அடிக்கவா, கட்டிப் பிடிக்கவா? அவ என் மூஞ்சிய பாத்தா. உப்புத் தண்ணிக் கையால என் கன்னத்தைத் தொட்டா. "ம்மா"ன்னா.

அதுவரைக்கும் அவ அந்த வார்த்தைய சொன்னதில்ல.

தனம் ஓடி வந்து, "எக்கா, புள்ள விழுந்துடுச்சா?"ன்னு கேட்டா. நான், "இல்லடி. அவளா போயிருக்கா. அவளே போயிருக்காடி"ன்னு சொல்லிச் சொல்லி அழுதேன். மத்த புள்ளைங்க எங்கயாவது போயிட்டா அம்மாங்க அடிப்பாங்க. நான் அங்கயே வரப்பு மேல முட்டிப் போட்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். அவரும் உப்பு வாருற பலகைய பாத்தியிலயே போட்டுட்டு ஓடி வந்து, ரத்தம் வர்ற அந்த முட்டிய கையில பிடிச்சுப் பாத்துக்கிட்டே நின்னாரு.

இந்த வருசம் அவளுக்கு நாலு வயசு முடிஞ்சுது. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நடக்கிறா. இடது காலு இழுக்கும். வார்த்தை கொஞ்சம்தான், ம்மா, பா, தண்ணி, அண்ணனை ராயான்னு கூப்பிடுவா. மத்த புள்ளைங்க மாதிரி ஆயிடுவாளான்னு கேட்டேன். அந்த சிஸ்டர் பொய் சொல்ல மாட்டாங்க. "எவ்வளவு தூரம் வருவான்னு எனக்குத் தெரியாதும்மா. இன்னும் வருவா, அது தெரியும்"னாங்க. அதனால உங்க முன்னால நின்னு, என் புள்ள முழுசா குணமாயிடுச்சுன்னு நான் சாட்சி சொல்ல முடியாது. எனக்கு இன்னும் பயம் இருக்கு. நான் போயிட்டா இவளுக்கு யாருங்கிறது இன்னும் இருக்கு. ஆனா முன்ன பயந்தா அவள மூடி மறைப்பேன். இப்ப பயந்தா அவளத் தூக்கிக்கிட்டுப் போறேன். ஆண்டவர் என்கிட்ட மாத்தினது அதுதான். அவருக்கு என் நன்றி ஆயுசு முழுக்க இருக்கும்.

இன்னும் ஒண்ணு சொல்லிட்டு உக்காந்துக்கறேன். இங்க உக்காந்திருக்கிற ஒருத்தங்க வீட்டுல, கதவு சாத்தின ரூம்புல ஒரு புள்ள இருக்கு. யாருன்னு சொல்ல மாட்டேன், ஆனா அவங்களுக்குத்தான் இதைச் சொல்றேன். நானும் அதையே செஞ்சவ, அதனால எனக்குத் தெரியும். அந்தக் கோட்டக்குப்பத்து அம்மா பையனைத் தூக்கிக்கிட்டு வெளிய போனது இன்னும் என் கண்ணுல நிக்குது. உன் புள்ளைக்கு இன்னும் மூணு வயசு ஆகலம்மா. நேரம் இருக்கு. ஜெபம் பண்ணு, பண்ணிட்டு வெளிய வா. வர்ற செவ்வாக்கிழமை காலையில பாண்டி பஸ் நிக்கிற இடத்துல நானும் என் வீட்டுக்காரரும் ஜெயசீலியோட நிப்போம். உன் கூடவே உள்ள வர்றேன். அங்க போயி புள்ளைக்கு என்ன முடியாதோ அதை அப்படியே சொல்லு. ஆண்டவருக்கு அது ஏற்கெனவே தெரியும். அந்த சிஸ்டருக்குத்தான் சொல்லணும்.